ஆயுதபூசைக்கு லீவு எடுக்காத தொட்டி

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்த தாண்டவமூர்த்திக்கு ஒரு பிடிவாதம். ஆயுதபூசை அன்று ஆலையில் எதுவும் ஓடக் கூடாது. மின்விசிறியைக்கூட நிறுத்திப் பொட்டு வைத்துவிடுவார்.

அந்த வருஷம் புதிதாக வாயுத்தொட்டி கட்டியிருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கு கழுவிய கழிவுத்தண்ணியைக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால், உள்ளே கிருமிகள் அதைத் தின்று எரிவாயு விடும். பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்க விடமாட்டாள், தொட்டியைப் பார்த்துக்கொண்ட பாவாயி.

பூசையன்று முதலாளி தொட்டிமேல் காதை வைத்தார். களக் புளக் என்றது.

"பாவாயி! உள்ளே எவன் வேலை பாக்கறான்? நிறுத்து!"

"தின்னது செரிக்குதுங்க. அதை எப்படிங்க நிறுத்தறது?"

"பூசை மணி அடிக்கறதுக்குள்ள நிக்கணும். இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே!"

"சரிங்க மொதலாளி. இதே மாதிரி கிருமிங்க உங்க வயித்துக்குள்ளயும் வேலை பாக்குதுங்க. முதல்ல அதை நீங்க நிறுத்திக் காட்டுங்க. பாத்துட்டு இதுங்களும் நிறுத்திக்கும்."

"இவ்வளவுதானா?"

முதலாளி விறுவிறுவென்று போய், எரிகிற கற்பூரத்தட்டுக்கு முன்னால் வயிற்றை எக்கிக்கொண்டு விறைப்பாக நின்றார். விடிந்ததிலிருந்து அவர் அள்ளி அள்ளித் தின்றது கொண்டைக்கடலைச் சுண்டல். ஆலையில் ஒரு மிஷின்கூட ஓடாததால், அந்தச் சத்தம் வாசல் வாட்ச்மேன் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

பாவாயி ஓடிப்போய்க் கற்பூரத்தட்டைத் தூக்கித் தள்ளி வைத்தாள்.

"நெருப்பு கிட்ட ஆகாதுங்க மொதலாளி. இந்தத் தொட்டியும் ஓடிட்டுத்தான் இருக்குது."