நாலு தரம் ஏலம் போன அலமாரி

ஒரு ஊர்ல ஒரு ஏலக்கடை இருந்துச்சாம். மலை ஊரு. எந்நேரமும் சாரல். 'ம்' கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

ஆங். அந்த ஊர்ல துரைமார் கட்டின பங்களா நிறைய. ஒரு பங்களாவைப் பூட்டினா போதும், உள்ள இருக்கிற பழைய சாமானெல்லாம் ஏலக்கடைக்கு வந்துரும். ஆடுற நாற்காலி, பூப்போட்ட சீனா ஜாடி, டங் டங்னு அடிக்கிற ஆளுயரக் கடிகாரம், கண்ணாடிப் பெட்டிக்குள்ள பீங்கான் பொம்மை. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா கடைக்கார எலியாசர் ஐயா கோட்டு மாட்டிக்கிட்டு, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்"னு சொல்லி சுத்தியால மேசையில டொக்குன்னு அடிப்பார். அடிச்சா வித்தாச்சுன்னு அர்த்தம்.

வித்ததை யாரு வீட்டுல கொண்டுபோய்ச் சேர்க்கிறது? சன்னாசிதான். இருபது வருஷமா அவனும் இன்னும் மூணு பேரும் தூக்குறாங்க. தூக்கித் தூக்கி சன்னாசிக்கு இடுப்பு ஒரு பக்கமா சாஞ்சே போச்சு. நடந்தா கடக் கடக்னு சத்தம் வரும்.

அப்போ ஒரு நாளு, ஒரு பங்களாவுல இருந்து ஒரு அலமாரி வந்துச்சு. ஈட்டி மரம். கன்னங்கரேல்னு, மேல கிளியும் கொடியும் செதுக்கி, கதவுல ஆள் முழுசா தெரியிற கண்ணாடி பதிச்சது. ஆசாரிங்க அந்த அறைக்குள்ளயே உக்காந்து செஞ்சதாம், அதனால வாசல் வழியா வெளிய வரல. சன்னலை இடிச்சுத்தான் எடுத்தாங்க. "கழட்டி எடுத்துக்கலாமா ஐயா?"ன்னு சன்னாசி கேட்டான். எலியாசர் ஐயா பதறிட்டார். "தொடாத! ஒரு முளை கழண்டாலும் பழம்பொருளுக்கு மதிப்பு போயிரும்"னார். அப்புறம் என்ன, நாலு பேரும் கயித்தைக் கட்டி, கம்பைக் கொடுத்து, ஐலசா ஐலசான்னு தூக்கிட்டு வந்தாங்க.

தூங்கிட்டியா? ம், சரி.

முதல் ஞாயித்துக்கிழமை லாட்ஜுக்காரர் ஒருத்தர் அதை ஏலத்துல எடுத்தார். மாடி அறையில வைக்கணும்னார். தூக்கிட்டுப் போனாங்க. மாடிப்படி பாதியில திரும்புது பாரு, அந்தத் திருப்பத்துல அலமாரி போய் கிறீச்னு சிக்கிக்கிச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. சன்னாசி அடியில நிக்கிறான், மொத்த பாரமும் அவன் தோள்ல. மேல தங்கியிருந்தவங்க இறங்க முடியாம, "ஏய், என்னய்யா இது!"ன்னு கத்துறாங்க. வெயில் சாயிற வரைக்கும் நின்னு, அங்குலம் அங்குலமா கீழ இறக்கினாங்க. லாட்ஜுக்காரர், "எனக்கு வேணாம்ப்பா"ன்னுட்டார். பிடிக்கலைன்னா மறுநாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்னு எலியாசர் ஐயா கடையில ஒரு பழக்கம். திரும்ப ஐலசா ஐலசா.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, ரயில்வேயில ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ஓய்வு வாங்கினவர் எடுத்தார். அவரு வீட்டு வாசல் பெருசு, சுலபமா உள்ள போயிருச்சு. அப்பாடான்னு சன்னாசி முகத்தைத் தொடைச்சான். அப்போ அந்த வீட்டம்மா வந்து கண்ணாடி முன்னால நின்னாங்க. இப்படிப் பார்த்தாங்க, அப்படிப் பார்த்தாங்க. "ஏங்க, இதுல நான் கிழவி மாதிரி தெரியுறேன். இந்தக் கண்ணாடியில ஏதோ கோளாறு. எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க"ன்னுட்டாங்க. சன்னாசி துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, மறுபடி குனிஞ்சான்.

மூணாவது ஞாயித்துக்கிழமை தேயிலைத் தோட்டத்து மேனேஜர் எடுத்தார். மறுநாளு தூக்கிட்டுக் கிளம்பினாங்க. அவரு வீடு மலை உச்சியில. நூத்து நாப்பது படி! மழை வேற, சோன்னு ஊத்துது. ஒரு படி, மூச்சு வாங்கு. ஒரு படி, மூச்சு வாங்கு. எப்படியோ ஏறிட்டாங்க. ஏறிப் பார்த்தா, பின்பக்க ரோட்டுல ஒரு லாரி நிக்குது, மேனேஜர் வீட்டுச் சாமானெல்லாம் அதுல ஏறிக்கிட்டிருக்கு. "அடடா, காலையிலதான் மாத்தல் ஆர்டர் வந்துச்சுப்பா. சொல்லி விட மறந்துட்டேன்"னார். சன்னாசி அந்த மழையிலயே படியில உக்காந்துட்டான். அழுகல. அழுகுறதுக்குக் கூட தெம்பு வேணுமில்ல?

ம்... எனக்கே கொட்டாவி வருது. இரு, சொல்றேன்.

நாலாவது ஞாயித்துக்கிழமை. மூணு தரம் திரும்பி வந்த சாமான்னு ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு, கேக்க ஆளில்ல. விலை விழுந்து விழுந்து ஒரு ஆட்டுக்குட்டி விலைக்கு வந்துருச்சு. அப்போ கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பெரியவர் கை தூக்கினார். பக்கத்துல ஒருத்தர், "உங்க வீடு எங்க?"ன்னு கேட்டார். பெரியவர் சொன்னார், "ஆத்துக்கு அந்தப் பக்கம். தொங்கு பாலத்தைத் தாண்டணும்."

சுவத்துல சாஞ்சு நின்ன சன்னாசி காதுல அது விழுந்துச்சு. தொங்கு பாலம்! அவன் கை தானா மேல போயிருச்சு.

எலியாசர் ஐயா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "சன்னாசி, கையை இறக்கு. ஈ ஓட்டுறியா?"

"இல்லைங்க ஐயா. கேக்குறேன்."

கொல்லுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. பெரியவர் சிரிக்கல. திரும்பிப் பார்த்தார். "உனக்கு எதுக்குப்பா இது?"

"எனக்கு வேணாங்க. தூக்க முடியலைங்க."

பெரியவர் மெதுவா கையை இறக்கி மடியில வச்சுக்கிட்டார். ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம். டொக்!

சன்னாசி இடுப்புல முடிஞ்சு வச்சிருந்த காசை அவுத்துக் குடுத்தான். அது அவன் பொண்டாட்டி ராக்கு, சந்தையில ஆட்டுக்குட்டி வாங்கிட்டு வரச் சொல்லிக் குடுத்த காசு. எலியாசர் ஐயா, "ஏலம் எடுத்தவங்க மூணு நாளைக்குள்ள சாமானை எடுத்துரணும். உனக்கும் அதே சட்டம்தான்"னார். கூடத் தூக்குற மூணு பேரும், "அண்ணே, மன்னிச்சுக்க, இனி எங்களால முடியாது"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டாங்க. சன்னாசி அலமாரி முன்னால தலையில கைவச்சு உக்காந்துட்டான். திருப்பிக் குடுத்தா, அடுத்த வாரம் மறுபடி அவன் தோள்லதான் ஏறும்.

மறுநாளு காலையில ராக்கு அவனைத் தேடிக் கடைக்கே வந்துட்டா.

"ஆடு எங்கய்யா?"

"ஆடு இல்ல. இதான்."

ராக்கு அலமாரியை மேலயும் கீழயும் பார்த்தா. நல்லா வஞ்சா. வஞ்சு முடிச்சுட்டு, அவன் உக்காந்திருக்கிற கோணலைப் பார்த்தா. அப்புறம் குரல் இறங்கிருச்சு. "சரி, இதைக் கழட்டினா என்ன?"

"ஐயோ, மதிப்பு போயிரும். ஐயா வைவார்."

"இது யாரோடது?"

சன்னாசி முழிச்சான்.

"யாரோடதுய்யா இது?"

"...நம்மளோடது."

"அப்புறம் என்ன?"

சன்னாசி எந்திரிச்சான். ஏல மேசையில கிடந்த சுத்தியை எடுத்து முளையைத் தட்டினான். டொக். ஒண்ணு வந்துச்சு. டொக். இன்னொண்ணு. அவ்வளவு பெரிய அலமாரி, பலகை பலகையா பிரிஞ்சு தரையில படுத்துருச்சு. சத்தம் கேட்டு எலியாசர் ஐயா ஓடி வந்தார். "அட பாவி! நூறு வருஷத்துப் பொருள்டா!"

சன்னாசி நிமிர்ந்து சொன்னான். "ஆமாங்க ஐயா. விட்டா இன்னும் நூறு வருஷம் எவனாச்சும் இதைத் தூக்கிக்கிட்டேதான் இருப்பான்."

ஐயா சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டு நின்னார்.

அப்புறம் அவனும் ராக்குவும் ஒவ்வொரு பலகையா வீட்டுக்குக் கொண்டு போனாங்க. அவசரமே இல்ல. கண்ணாடியை ராக்கு தலையில மல்லாக்க வச்சுக்கிட்டு நடந்தா. அதுல மேகமெல்லாம் மெதுவா அவகூடவே போச்சு. வழியில டீ குடிச்சாங்க.

வீட்டுல நாலு பலகையைச் சேர்த்து அடிச்சு, கால் வச்சு, சன்னாசி ஒரு கட்டில் செஞ்சான். மறுநாளு மத்தியானம் அதுல ஏறி மல்லாந்து படுத்தான். இடுப்பு ஒரு தடவை கடக்னு சொல்லுச்சு. அப்புறம் சொல்லவே இல்ல. வெளிய ஆடு இல்லாத தொழுவத்துல மழை சொட் சொட்னு விழுந்துச்சு. "அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்"னு ராக்கு சொன்னா. அவன் காதுல விழல. தூங்கிட்டான்.

கதையை இறக்கி வச்சாச்சு. நீயும் கண்ணை மூடிக்க.