நாற்பதுக்கு முப்பத்தெட்டு

"மேடம், செத்துப்போனவருக்கு 'நல்ல முன்னேற்றம்'னு எழுதலாமா?"

கேட்டவர் இசக்கிமுத்து. பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் ஸ்பீச் தெரபி கற்க வந்தவர். அவருடைய குரு ரெஜினாவுக்கு அவரைவிட ஆறு வயது குறைவு. குரு என்றால் தாடி இருந்தாக வேண்டுமா என்ன?

ரெஜினா தலை நிமிரவில்லை.

"யாரு?"

"ஆவுடையப்பன். பக்கவாதத்துல பேச்சு போய் வந்தாரே, அவர்தான். வெள்ளிக்கிழமை மாரடைப்பு. இன்னைக்குள்ள படிவத்தை அனுப்பணும்."

"எவ்வளவு எடுத்தார்?"

"வந்தப்போ நாற்பது படத்துல மூணுக்குத்தான் பேர் சொன்னார். போன செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டு."

சொல்லும்போதே ரிசல்ட் நாள் பெருமை குரலில் எட்டிப் பார்த்தது. பாவம், பழைய வாத்தியார். பரீட்சையில் வரும் நாற்பது படங்கள் எவையோ, அவற்றையேதான் நான்கு மாதமும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அப்போ எழுதுங்க."

"கை வரல மேடம். அவர் சம்சாரம் வெளியே உட்கார்ந்திருக்காங்க. வீட்டுப் பயிற்சிக்குக் கொடுத்த படங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தாங்க. அன்னைக்கு நடந்ததைச் சொன்னாங்க."

"சொல்லுங்க."

"குளிச்சிட்டு வந்து உட்கார்ந்தவருக்குத் திடீர்னு வேர்த்திருக்கு. 'குடை'ன்னிருக்கார். அந்தம்மா குடையை எடுத்து நீட்டியிருக்காங்க. தட்டிவிட்டுட்டு 'கிளி'ன்னிருக்கார். அப்புறம் 'பூட்டு'. வலது கைதான் விளங்காதே, இடது கையால சட்டையைப் பிடிச்சு இழுத்திருக்கார். புழுக்கம்போலன்னு அந்தம்மா சட்டையைக் கழற்றிவிட்டிருக்காங்க."

ரெஜினா பேனாவைக் கீழே வைத்தார்.

"எல்லாம் அந்த நாற்பது படத்துல உள்ள பேர்தான். சுத்தமான உச்சரிப்பாம் மேடம்" என்றார் இசக்கிமுத்து. சொன்ன வாயில் அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"நாற்பதுல 'வலி' இருக்கா?"

"வலிக்குப் படம் இல்ல மேடம்."

ரெஜினா படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க."

வெளியே பெஞ்சில் கோமதியம்மாள் உட்கார்ந்திருந்தார். நான்கு மாதமும் அவருக்கு அந்த பெஞ்சுதான். உள்ளே விட்டால் புருஷனுக்கு விடையை எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று இசக்கிமுத்துதான் கதவைச் சாத்தி வைத்திருந்தார். பரீட்சை அறையில் பையன்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்த பழக்கம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள்.

ரெஜினா அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை மடியில் விரித்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கடைசியா எப்படிப் பேசினார்? நீங்களே ஒரு மார்க் சொல்லுங்க. நாற்பதுக்கு."

இசக்கிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாரே இவர்! தடுக்கலாம் என்று வாயெடுத்தார். ரெஜினா கையமர்த்தினார்.

கோமதியம்மாள் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுக நல்லாத்தாம்மா பேசுனாவ. என் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னாவ. ஒரு தடவையா, ரெண்டு தடவையா? ஏழெட்டுத் தடவை."

"ம்."

"எடுத்துக் குடுக்காதீய, அவராச் சொல்லட்டும்னு சார் சொல்லியிருந்தாவ. அதான் நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிடத் தோணுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு."

இசக்கிமுத்து தான் சாத்தி வைத்திருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவுகளுக்கு நாப்பதும் போட்டிருங்கம்மா. கேட்டவளுக்குத்தான வெளங்கல."

ரெஜினா படிவத்தையும் பேனாவையும் இசக்கிமுத்துவிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

கோமதியம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு எவ்வளவு சார் போடுவீய?"