எத்தனை மாட்டு மோர்?

“வரலாறு எனக்கு வேண்டாம் டீச்சர். நாளைக்கே ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிடப் போறேன்.”

இருதயராஜ் சார் விளையாட்டு வாத்தியார். விசிலை ஊதினால் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கும். செண்பகவல்லி டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும் வரலாற்று வகுப்பு இவர் தலையில் விழுந்தது. டீச்சருக்கு இவர் வயதில் பாதிதான். இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டியவர் இவராயிற்றே. வெயிலோடு சைக்கிளை மிதித்து டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

இடுப்பில் குழந்தையோடு நின்றார் டீச்சர்.

“என்ன சார் ஆச்சு?”

“நம்ம ஊர்க் கோட்டையைப் பத்திப் பாடம் எடுத்தேன். ராஜா போர்ல செத்ததும் ராணி கிணத்துல குதிச்சுட்டாங்கன்னு சொன்னேன். முதல் பெஞ்சு இசக்கியம்மா எந்திரிச்சு, ‘யாரு சார் பார்த்தா?’ங்கறா.”

“நல்ல கேள்வி.”

“நல்ல கேள்விதான். வகுப்பே சிரிச்சுது. நாளைக்குச் சொல்றேன்னு சமாளிச்சுட்டேன். நாளைக்கு எந்த மூஞ்சியோட நிப்பேன்?”

“நெட்ல தேடினீங்களா?”

“விடுவேனா?” சார் போனை நீட்டினார். “அத்தனை வெப்சைட்டும் வீடியோவும் இதையேதான் சொல்லுது. இத்தனை பேர் சொன்னா பொய்யா இருக்குமா?”

டீச்சர் போனை வாங்கவில்லை. குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனார்.

குழந்தை சார் கழுத்தில் கிடந்த விசில் கயிற்றைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.

தட்டு நிறைய மோர் வந்தது. எவர்சில்வர் டம்ளர், கண்ணாடி டம்ளர், பித்தளைச் செம்பு, காது உடைந்த காபிக் கப்.

“குடிச்சுப் பாருங்க சார்.”

ஒன்றில் இஞ்சி தூக்கல். ஒன்றில் கறிவேப்பிலை. ஒன்றில் உப்பே இல்லை.

“எத்தனை மாட்டு மோர்?”

“இதென்ன கேள்வி? உங்க வீட்ல இருக்கறதே ஒரு மாடு, இதுல போயி…”

கப்பைக் கீழே வைத்தார். போனை எடுத்தார்.

எல்லாவற்றிலும் அதே நாலு வரி. ஒருத்தர் பௌர்ணமி நிலவைச் சேர்த்திருந்தார். இன்னொருத்தர் ராணி கையில் ஒரு பிள்ளையையும் கொடுத்திருந்தார்.

“அப்ப மாடு எங்க டீச்சர்?”

டீச்சர் குழந்தையின் வாயிலிருந்து விசில் கயிற்றை மெல்ல எடுத்தார். துடைத்து, அதன் நுனியைச் சார் கையில் வைத்தார். “கயித்தைப் பிடிச்சுக்கிட்டே போங்க சார்.”

அன்று மாலை சார் மைதானத்துப் பக்கமே போகவில்லை. ‘இதை எங்கிருந்து எடுத்தார்கள்?’ என்று ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் போனார். பாதி இடத்தில் கயிறு அறுந்து கிடந்தது. ஒரே ஒரு வழி மட்டும் ஏதோ ஒரு நூலகத்தின் இணையதளத்தில் கொண்டுபோய் விட்டது. யாரோ ஒரு புண்ணியவான் பழைய கல்வெட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஏற்றி வைத்திருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிள் வந்து நின்றது.

“ராணி குதிக்கவே இல்லை டீச்சர். ராஜா போய் ரொம்ப வருஷம் கழிச்சு, நம்ம குளத்துக்கு மடை கட்டிக் கொடுத்திருக்காங்க. கல்லுல இருக்கு. படத்தைக் கொண்டுபோய்ப் போர்டுலயே ஒட்டிட்டேன்.”

“ஹெட்மாஸ்டரைப் பார்த்தீங்களா?”

“அதுக்கெல்லாம் நேரம் ஏது?”

“இசக்கியம்மா என்ன சொன்னா?”

“அவ விடுவாளா? ‘கல்லு பொய் சொல்லாதா சார்?’ங்கறா.”

டீச்சர் சிரித்துவிட்டார். “நீங்க என்ன சொன்னீங்க?”

சார் கழுத்தைத் தடவிக்கொண்டார். அங்கே விசில் இல்லை.

“கயித்தை அவ கையில கொடுத்துட்டேன்.”