ஊற்றுக் காவலரின் உறவுக்காரர்கள்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒரு காடு கோடையில் காய்ந்து கிடந்தது. குடிக்க ஒரே ஒரு ஊற்றுதான் மிச்சம். வந்த வரிசைப்படி குடிப்பது என்று மிருகங்கள் எல்லாம் பேசி, காட்டுப்பன்றியைக் காவலுக்கு வைத்தன.

கொஞ்ச நாள் ஒழுங்காய்த்தான் நடந்தது. அப்புறம் பன்றியின் மச்சான் வந்தான். வரிசையைப் பார்க்காமல் நேரே ஊற்றில் இறங்கினான். குடித்தோமா, போனோமா என்று இருந்தானா? உள்ளேயே படுத்துப் புரண்டான். தண்ணீர் சேறாய்க் கலங்கியது.

வரிசையின் முதலில் ஒரு மான். அதன் காலடியில் குட்டி தாகத்தில் கண் செருகிக் கிடந்தது.

"காவலரே, முறை எங்களுது. பிள்ளை செத்துடும்! அவரை வெளியே வரச் சொல்லுங்க!"

"அவன் எங்க வீட்டு ஆளும்மா. நீ கொஞ்சம் பொறு!" என்றது பன்றி.

மானுக்குப் பின்னால் நின்ற கிழட்டுக் கீரி பெருமூச்சு விட்டது. இந்த மாதிரி எத்தனை காவலைப் பார்த்தாயிற்று! சண்டை போடவும் அலுப்பு.

"காவலரே, ஊர் உங்களைத் தப்பாப் பேசுது. 'என் உறவுக்குத்தான் முதல் தண்ணி'ன்னு சட்டமாவே சொல்லிடுங்க. அப்புறம் யார் கேட்பா?"

பன்றிக்குப் பூரிப்பு. உரக்கச் சொல்லிவிட்டது.

உடனே கீரி மானின் காதைக் கடித்தது. சேதி காதுக்குக் காது வரிசையின் கடைசி வரை போனது.

"அண்ணே!" என்றது மான். "நான் உங்க ஒண்ணுவிட்ட தங்கச்சி. இது உங்க மருமகன்!"

"பெரியப்பா!" என்றது கரடி.

"என்ன மாப்பிள்ளை, என்னைத் தெரியலையா?" என்று யானை காலைத் தூக்கியது.

பன்றி அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே எல்லாருக்கும் தலையாட்டியது. யானை மச்சானின் வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டது. "மூத்த உறவெல்லாம் நிக்குது, உனக்கென்ன அவசரம்?"

"நான்தாங்க நெஜமான உறவு!"

"எல்லாரும் அதைத்தானப்பா சொல்றாங்க!"

எல்லாரும் உறவாகிவிட்டதால் பழைய வரிசைதான் மிஞ்சியது. தண்ணீர் தெளிந்தது. முதலில் குட்டி குடித்தது, கண்ணைத் திறந்தது.

"உறவும் வேண்டாம், காவலும் வேண்டாம்!" என்று பன்றி ஓடிப்போனது. காவல் கீரியின் தலையில் விழுந்தது.

மறுநாளே அதன் தங்கச்சி வந்து நின்றாள். "அக்கா, நான்தான்! வழி விடு!"

"தெரியுதுடி," என்றது கீரி, களைப்பாய். எழுந்து போய், அவளைத் தானே கூட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டு வந்தது.

ஊர் நம்பிக் கொடுத்த பொறுப்பைத் தன் வீட்டாருக்கு மட்டும் திறக்கிற வாசலாக்கிக் கொள்ளக் கூடாது.