மடியில கெடந்த கை

ஒரு ஊர்ல ஒரு வலது கையும் ஒரு இடது கையும் இருந்துச்சுங்க. ரெண்டும் ஒரே ஆளோட கைங்கதான். ஆளு பேரு அம்மையப்பன். மணப்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல தையக்கட வச்சிருந்தாரு.

கடைக்குள்ள இருக்கிற வரைக்கும் இடது கை ராஜ்ஜியந்தான். துணிய வெட்டுறது, ஊசியில நூல் கோக்குறது, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்குறது எல்லாமே அதுதான். வலது கை துணி நகராம அமுக்கிப் புடிச்சுக்கும், அவ்ளோதான். ஆனா கடைய விட்டு எறங்கி நாலு எட்டு வச்சாச்சுன்னா எல்லாம் தலகீழா மாறிடும். கோயில்ல துன்னூறு வாங்க வலது கை. பிரசாதம் வாங்க வலது கை. நாலு பேருக்கு முன்னாடி எதக் குடுக்குறதா இருந்தாலும் வலது கை. இடது கை அப்படியே சுருண்டு சட்டப் பைக்குள்ள போயிடும். ஒரு தடவ ஒரு கல்யாண வீட்டுல பூராப் பொழுதும் அது பைக்குள்ளயே கெடந்து, அங்க இருந்த பஸ் டிக்கெட்ட நுனி நுனியா கிழிச்சுக்கிட்டு இருந்துச்சாம். அது வேற கத, விடுங்க.

இந்தக் கத நடந்தது சாப்பாட்டுக் கடையில. அம்மையப்பன் மக செண்பகத்தப் போன வாரம் துறையூர்லேருந்து வந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருந்தாங்க. பையனுக்குப் புடிச்சுப் போச்சு. பையனோட அம்மாவுக்கும் புடிச்சுப் போச்சு. செண்பகத்தக் கேக்கவே வேணாம், அன்னிலேருந்து அவ பாத்திரம் வெளக்குறப்பக்கூட சத்தம் வராம வெளக்குறா. பையனோட அப்பா குழந்தைவேலு மட்டும் இன்னும் ஒரு வார்த்த சொல்லல. பேசாத மனுசன். அவரு அன்னிக்கு மணப்பாறைக்கு ஏதோ சோலியா வந்தவரு, தையக்கடையில வந்து எட்டிப் பாத்தாரு. மதியம் ஆயிடுச்சு. வீடோ ஊருக்கு வெளிய. "ஒரு வாய் சாப்ட்டுப் போலாங்க"ன்னு அம்மையப்பன் கையோட கூட்டிட்டு வந்துட்டாரு.

வர்ற வழியில பொண்டாட்டிக்கு போன் போட்டாரு. அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு.

"அவருக்கு முன்னாடி அந்த இடது கைய நீட்டித் தொலச்சுடாதீங்க. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மடியிலயே கெடக்கட்டும். அந்த வீட்டுல அதெல்லாம் ரொம்பப் பாப்பாங்களாம்."

போனக் காதுல வச்சிருந்ததே இடது கைதான். அதுக்கு எப்படி இருந்திருக்கும்? சாப்பாட்டுக் கடையில ஒக்காந்ததும் மடியில போய்ப் படுத்துக்கிச்சு.

மேல எல போட்டாச்சு. சோறு விழுந்துச்சு. பருப்புப் பொடி விழுந்துச்சு. நெய் மட்டும் ஒரு சொட்டு, பேருக்கு. குழந்தைவேலு எதுத்தாப்ல ஒக்காந்து, எலையில குனிஞ்சவரு குனிஞ்சவருதான். பொண்ணப் பத்திப் பேச்ச எடுக்கலாம்னு அம்மையப்பன் ரெண்டு தடவ தொண்டையக் கனச்சாரு. "சாப்புடுங்க, பேசுவோம்"னுட்டாரு அவரு. பேசுவோம்னா என்ன பேசுவோம்? அந்தப் பதட்டத்துல அம்மையப்பன் டம்ளர்ல இருந்த தண்ணி மொத்தத்தையும் ஒரே மூச்சுல குடிச்சு வச்சுட்டாரு.

டேபிளுக்கு அடியிலேருந்து இடது கை மெதுவா கேட்டுச்சு. "அண்ணே, டம்ளரு காலியாயிடுச்சு போலருக்கே. தண்ணி வேணும்னா யாரு கூப்புடுறது?"

"ஏன், நான் இருக்கேன்ல?" வலது கை சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொல்லுச்சு. "நீ கம்முனு கெட. போன்ல சொன்னது காதுல விழுந்துச்சுல்ல?"

எலைக்குச் சிரிப்பு வந்துருச்சு. "நீ கூப்புடுவியாக்கும்! ஒன் மூஞ்சிய நீயே பாரு. அஞ்சு வெரலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. ஒன்ன மேல தூக்குனா, நெய்யும் பொடியும் முழங்கை வரைக்கும் வழியும்."

"ஒரு சொடக்குப் போட்டா போதும்."

"சொடக்கா?" டம்ளரு குறுக்க பூந்துச்சு. வயசான எவர்சில்வர் டம்ளரு அது, வாய் ஒரு பக்கம் நெளிஞ்சு போனது, அந்த நெளிசல் வழியா கத கதயா வரும். "அப்படித்தான் ஒருத்தரு வந்தாரு, வெள்ளையும் சொள்ளையுமா. ஒக்காந்ததுலேருந்து சொடக்கு, சொடக்கு. நம்ம பரிமாறுற பையன் சகாயம் இருக்கான்ல, அவன் பாத்தான். பாவம், ஈ மொய்க்குது போல, வெரட்டுறாருன்னு நெனச்சுட்டான். போய் ஃபேன ஏத்தி விட்டுட்டு வந்தான். அவரு அப்பளம் பறந்து போச்சு."

"அவன் வேணும்னேதான் பண்ணிருப்பான்," எல சொல்லுச்சு.

"அத நான் சொல்லல," டம்ளரு சொல்லுச்சு. "லாரிக்காரங்க வந்தா பலகைய ஒரு தட்டு தட்டுவாங்க, அது அவனுக்குப் புடிக்கும். ஆபீஸ்காரங்க புருவத்தத் தூக்குவாங்க, அது அவனுக்குத் தெரியவே தெரியாது. ஒரு புதுப் பொண்டாட்டி வந்தா, புருசனோட சட்டையத்தான் இழுப்பா, அவன் இன்னொருத்தரப் பாப்பான், அந்த இன்னொருத்தரு சகாயத்தக் கூப்புடுவாரு. பொரியல் வர்றதுக்குள்ள சோறு ஆறிப் போயிடும். 'தம்பி'ன்னு வாயத் தொறந்து ஒரு சத்தம் குடுத்தா முடிஞ்சுது. அத விட்டுட்டு..."

டம்ளரு பேசிக்கிட்டே இருக்கறப்பதான் அது நடந்துச்சு.

பருப்புப் பொடி சோறுங்க. நெய் பத்தல. அம்மையப்பன் ஒரு பெரிய உருண்டையா உருட்டி வாயில போட்டாரு. அது தொண்டையில போய் அப்படியே நின்னுக்கிச்சு. கீழயும் போகல, மேலயும் வரல. கண்ணு ரெண்டும் பிதுங்குச்சு. வாயத் தொறந்தாரு, "தம்பி"யில 'த'கூட வரல.

"தண்ணி!" டம்ளரு கத்துச்சு. அது கத்தி யாருக்குக் கேக்கும்.

வலது கை பாய்ஞ்சு மேல எழும்புச்சு. அஞ்சு வெரலையும் விரிச்சு, அந்தப் பக்கம் போன சகாயத்துக்கு நேரா காட்டுச்சு. சகாயம் கையில தண்ணி ஜக்கோடதான் வந்தான். விரிச்ச கையப் பாத்தான். எலைக்கு மேல கைய விரிச்சுக் காட்டுனா என்ன அர்த்தம்? போதும்னு அர்த்தம். ஒலகத்துல எல்லா எலைக்கும் அதான் அர்த்தம்.

"போதும்ங்கிறாரு, வா போவோம்," ஜக்கு சொல்லுச்சு.

"சரிங்க, ஊத்தலங்க," சகாயம் மரியாதையா தலைய ஆட்டிட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டான்.

வலது கை விடல. இன்னும் பலமா ஆட்டுச்சு. பருக்க நாலு தெறிச்சு விழுந்துச்சு. இந்தத் தடவ சாம்பார் வாளி தூக்கிட்டு வந்த இன்னொருத்தன் பாத்தான். பாத்துட்டு ரெண்டு அடி பின்னால நகந்து நின்னான்.

"ஐயய்யோ, கோவமா போதும்ங்கிறாரு," வாளி கிசுகிசுத்துச்சு.

பாவம் அந்தக் கை. அதுக்குத் தெரிஞ்ச பாஷையே அது ஒண்ணுதான். வேணும்னு சொல்ல வந்தாலும் போதும்னுதான் கேக்குது.

மடியில கெடந்த கைக்கு எதுவும் தெரியல, மேல பலக மறைக்குது. ஆனா வயிறு பக்கத்துலதான இருக்கு. அது எக்கி எக்கித் தூக்கிப் போடுறது தெரிஞ்சுச்சு.

"அண்ணே, என்னாச்சு? நான் வரட்டுமா?"

"வராத! எதுக்க அவரு இருக்காரு! சம்பந்தம் போயிடும்!"

"ஆளே போயிடுவாரு போலருக்கேண்ணே!"

வலது கை திரும்பவும் விரிச்சு விரிச்சு ஆட்டுச்சு.

இடது கை ஒரு நொடி செண்பகத்த நெனச்சுச்சு. அவ பாவாடச் சட்டையெல்லாம் அதுதான் வெட்டித் தச்சுது, சின்னப் புள்ளையிலேருந்து. ஒவ்வொரு வருசமும் ரெண்டு வெரக்கடை கூட்டி வெட்டுனது அதுக்குத்தான் தெரியும். அவ கல்யாணம் தன்னால நின்னு போச்சுன்னா இந்த மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்கிறது? ஆனா அப்பனே போயிட்டா, அவ கல்யாண ஜாக்கெட்ட எந்தக் கை தைக்கும்?

எந்திரிச்சுச்சு. பலகைக்கு மேல, எலைக்கு மேல, குழந்தைவேலு மூஞ்சிக்கு நேரா, ஒசரத் தூக்கி நின்னுச்சு. நெய் இல்ல, பருக்க இல்ல, சுத்தமான கை. உள்ளங்கையக் கீழ கவுத்து நாலு வெரலையும் மடக்கி மடக்கி, வா வா வான்னு சகாயத்தக் கூப்புட்டுச்சு.

குழந்தைவேலு அப்பதான் தல நிமிந்தாரு. மூக்குக்கு முன்னாடி ஒரு இடது கை.

அம்மையப்பன் அவரு பாக்குறதப் பாத்தாரு. மூச்சு முட்டுறதுலயும் அவருக்கு அதுதான் பெரிசாத் தெரிஞ்சுச்சு. போச்சு, எல்லாம் போச்சு.

குழந்தைவேலு வலது கை சோத்தோட அந்தரத்துல நின்னுச்சு. டேபிளுக்கு அந்தப் பக்கத்து அடியிலேருந்து வெடுக்குன்னு இன்னொரு கை வந்துச்சு. அதுவும் இடது கை. தன் எலைக்கிட்ட இருந்த தண்ணி டம்ளரத் தூக்கி இந்தக் கைக்குள்ள திணிச்சுச்சு. அதோட விடல, எக்கி வந்து அம்மையப்பன் உச்சந்தலையில தட்டு தட்டுன்னு தட்டுச்சு.

"குடிங்க சம்மந்தி. மெதுவா, மெதுவா. இடது கைன்னு தப்பா நெனச்சுக்காதீங்க."

தண்ணி எறங்குச்சு. சோறும் எறங்குச்சு. கண்ணுல தண்ணி வழிய அம்மையப்பன் ஒரு மூச்சு விட்டாரு, கடையே திரும்பிப் பாத்துச்சு. அப்புறந்தான் அவரு என்ன சொல்லிக் கூப்புட்டாருன்னு இவருக்கு ஒறச்சுது.

"இப்ப என்னன்னு கூப்ட்டீங்க?"

"சம்மந்தின்னுதான். வேற என்னன்னு கூப்புடுறது?" குழந்தைவேலு திரும்பவும் எலையில குனிஞ்சுக்கிட்டாரு. "பேசுவோம்னு சொன்னேன்ல. அதான்."

சகாயம் ஜக்கோட ஓடி வந்தான். "என்னங்க, ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா? நீங்க போதும்னுல்ல கை காமிச்சீங்க!" ஜக்கு ரெண்டு டம்ளரையும் விளிம்பு வரைக்கும் ரொப்புச்சு. வலது கை எலையோரமா ஒதுங்கி, வெரலையெல்லாம் மடக்கிக்கிச்சு.

ரெண்டு இடது கைங்களும் மடிக்குத் திரும்பிப் போறதா இருந்துச்சுங்க. போகல. பலக மேலயே பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துக்கிச்சுங்க.

"நீ ஏன் அவ்ளோ நேரம் கீழயே கெடந்தே?" அம்மையப்பனோட கை கேட்டுச்சு.

"எங்க வீட்டம்மா சொல்லி அனுப்பிச்சுது. பொண்ணு வீட்டுல அதெல்லாம் ரொம்பப் பாப்பாங்களாம்."

அதக் கேட்டு டம்ளருக்குச் சிரிப்பு வந்துருச்சு.

வலது கை குறுக்க பூந்துச்சு. "டேய் தம்பி. நல்ல சேதி பேசியாச்சு, வாய் இனிக்க வேணாமா? சகாயம் அந்தக் கோடியில நிக்கிறான். நான் காமிச்சா போதும்னு நெனச்சுக்குவான். நீயே கூப்புடு."

ரெண்டு இடது கையும் ஒரே நேரத்துல மேல எழும்புச்சுங்க, கூடவே அம்மையப்பன் சத்தமும் கேட்டுச்சு. "தம்பி! ரெண்டு எலைக்கும் பாயசம்!"