சபையை எழுப்பிய வேஷம்

போட்டால் ராணி, கழற்றினால் பக்கத்து வீட்டுப் பெண். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். வேஷ உடுப்புதான்.

அப்படிப்பட்ட உடுப்புகளை வாடகைக்கு விடும் கடையில் பவுனம்மா இஸ்திரி போடுகிறவள். ஒருநாள் முதலாளி சிங்காரவேலு, பேத்தி நிலாவோடு வந்தார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல மாறுவேடப் போட்டி. போன வருஷம் ராணியாப் போனா, ஒருத்தரும் அசையல. இந்தத் தடவை சபையே எழுந்து நிக்கணும். ஒருத்தர் உட்கார்ந்திருந்தாலும் உனக்கு இங்க வேலை இல்ல."

"நீங்களும் எழுந்திருப்பீங்களா, ஐயா?"

"நானா? கலெக்டர் வந்தாலே யோசிச்சுத்தான் எழுந்திருப்பேன்."

பவுனம்மா ஜரிகை உடுப்பு எதையும் தொடவில்லை.

மறுநாள் நிலா மேடை ஏறவில்லை. பவுனம்மா கட்டிவிட்ட பழைய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தென்னந்துடைப்பத்தால் முன்வரிசை நாற்காலிகளுக்கு அடியில் பெருக்க ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் எந்திரிங்க, குப்பை கிடக்கு."

துடைப்பம் மேலே பட்டால் ஆகாதே என்று வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் எழுந்தவர் சிங்காரவேலு.

"நாளைக்கு வேலைக்கு வரலாமா, ஐயா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் பவுனம்மா.

"வா," என்றார் அவர், நின்றபடியே.

முதல் பரிசு நிலாவுக்குத்தான். பரிசு வாங்கும் போட்டோவுக்காக அவர் ராணிக் கிரீடத்தை நீட்டினார். நிலா அதை வாங்காமல் துடைப்பத்தையே பிடித்துக்கொண்டு நின்றாள்.