கோட்டின் அகலம்

ஒரு காலத்தில் அந்தக் கடலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எதுவும் கிடையாது. பிறகு இரண்டு நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து, காபி குடித்து, வரைபடத்தின்மேல் அடிக்கோலை வைத்து ஒரு கோடு போட்டன. பெரிய மனிதர்கள் கீழே கையெழுத்துப் போட்டார்கள். கோட்டுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"இனிமேல் உன்னை இரண்டாகப் பிரிப்பது நான்தான்" என்று அது கடலிடம் சொன்னது.

"அப்படியா? நீ எவ்வளவு அகலம்?" என்று கேட்டது கடல்.

"பேனா முனை அளவு."

"தாளில் பேனா முனை என்றால் என்மேல் அரை மைல். அந்த அரை மைலுக்குள் யார் இருக்கிறார்கள்?"

கோடு யோசிக்கவே இல்லை. "யாரும் இல்லை" என்றது.

கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு காவல் கப்பல்கள் வந்து நின்றன. மேற்குக் கரையிலிருந்து சந்தியாகு தன் மச்சான் கில்டஸோடு மீன்பிடிக்க வருவான். அவன் படகு கோட்டை நெருங்கினால் போதும். "என் எல்லைக்குள் வந்துவிட்டான், பிடி!" என்று கிழக்குக் கப்பல் பாயும். "அவன் என் ஆள், விசாரிப்பது நான்தான்" என்று மேற்குக் கப்பல் பாயும். அவனுக்காக அப்படி ஒரு போட்டி.

ஒரு நாள் நண்பகலில் சந்தியாகுவின் எஞ்சின் நின்றது. அடிப்பலகை விட்டுப்போய்த் தண்ணீர் ஏறியது. படகு கோட்டின்மேலேயே, அந்த அரை மைலுக்குள் கிடந்தது. கில்டஸ் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தான். சந்தியாகு வயர்லெஸ்ஸில் கத்தினான்.

"சார், தண்ணி ஏறுது சார்! ரெண்டு பேரு இருக்கோம். யாராச்சும் வாங்க சார்!"

இரண்டு கப்பல்களும் வரைபடத்தைப் பார்த்தன.

"படகு நிற்கும் புள்ளி கோட்டின்மேல் விழுகிறது. அது உன் பாடு" என்றது கிழக்குக் கப்பல்.

"கோட்டைத் தொட்டாலே உன் எல்லை என்பாயே? நீயே போ" என்றது மேற்குக் கப்பல்.

இரண்டும் தலைநகருக்குத் தகவல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தன.

கோடு பதறியது. "கடலே, அவர்களை ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடேன்!"

"நீரோட்டம் இன்று உன் நீளவாக்கில் ஓடுகிறது. நான் என்ன செய்ய?" என்று அழுதது கடல்.

கோடு போட்ட அதே ஒப்பந்தத்தின் அடுத்த தாளில் ஒரு வாசகம் இருந்தது. ஆபத்தில் இருப்பவன் எந்த நாட்டானாக இருந்தாலும் அருகில் இருக்கும் கப்பல் காப்பாற்ற வேண்டும் என்பது அது. "தாளைத் திருப்புங்கள், நான் இங்கே இருக்கிறேன்!" என்று அது கதறியது. கப்பல்களின் சுவரில் வரைபடம் உள்ள முதல் தாள் மட்டும்தான் மாட்டியிருந்தது.

"மச்சான், கை ஓஞ்சு போச்சு" என்றான் கில்டஸ்.

"விடாத மச்சான். கண்ணு முன்னால ரெண்டு கப்பல் நிக்கிது. ஒண்ணாச்சும் வரும்."

மாலையில் இரண்டு தலைநகரங்களிலிருந்தும் அனுமதி வந்தது. இரண்டு கப்பல்களும் முழு வேகத்தில் பாய்ந்தன. அங்கே ஒரு வாளி மட்டும் மிதந்தது. அது எந்தப் பக்கத்து வாளி என்று இரண்டும் வாக்குவாதம் செய்தன.

கொஞ்ச நாளில், வரைபடம் மங்கிவிட்டது என்று கோட்டின்மேலேயே மறுபடி மை ஏற்றினார்கள். போகிற போக்கில் புதுப் பேனா கேட்டது: "இதற்குள் யாராவது இருக்கிறார்களா?"

"சந்தியாகுவும் கில்டஸும் இருக்கிறார்கள்" என்றது கோடு. "மெதுவாகப் போ."